மீட்பின் கொண்டாட்டத்தில் மறைக்கப்படும் கேள்விகள்

2014 ஜூலை 5 அன்று நெடும்பாசேரி விமான நிலையத்தில் 46 செவிலியர்கள் வந்திறங்கினர். ஈராக்கின் திக்ரித் நகரில் ஐ.எஸ். கும்பலிடம் சிக்கி, மோசூலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, எர்பில் வழியாக உயிர் மீண்டவர்கள் இவர்கள். ஏறத்தாழ அனைவரும் கேரளப் பெண்கள். முதலமைச்சர் உம்மன் சாண்டி நேரில் வரவேற்றார். தில்லியும் திருவனந்தபுரமும் இராஜதந்திர வெற்றியென மார்தட்டிக் கொண்டன.

அதே ஜூன் மாதத்தில், அதே மோசூலில் கடத்தப்பட்ட 39 கட்டுமானத் தொழிலாளர்களுக்கு வரவேற்பு வாய்க்கவில்லை. பெரும்பாலோர் பஞ்சாபின் ஏழைக் குடும்பத்தினர். அனைவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்று தப்பி வந்த சக தொழிலாளி கதறியதை மோடி அரசு ஏற்க மறுத்தது. அவர்கள் உயிருடன் இருக்கிறார்கள் என்று குடும்பங்களை ஏறத்தாழ நான்காண்டுகள் நம்ப வைத்தது. 2018 மார்ச் 20 அன்றுதான் மாநிலங்களவையில் சுஷ்மா ஸ்வராஜ் அவர்களின் மரணத்தை அறிவித்தார்.

மதவெறிக் கும்பலின் குற்றத்தை எந்த வரலாற்றுக் காரணமும் கழுவிவிடாது. ஆனால் அக்கும்பல் வளர்ந்த மண்ணைப் பண்படுத்தியது யார்? இல்லாத பேரழிவு ஆயுதங்களைக் காட்டி 2003இல் ஈராக்கின் மீது படையெடுத்து, அந்நாட்டின் இராணுவத்தைக் கலைத்து, ஷியா-சன்னி பிளவை ஆட்சிமுறையாகவே நிறுவிய அமெரிக்க ஏகாதிபத்தியம் அல்லவா!

நைஜீரியாவின் சிபோக்கில் 2014 ஏப்ரலில் 276 பள்ளி மாணவிகளை போகோ ஹராம் கடத்தியபோதும் இதே நாடகம் அரங்கேறியது. மிஷேல் ஒபாமா வாசக அட்டை ஏந்திப் படமெடுத்துக் கொண்டார். மே மாதமே 80 அமெரிக்கப் படையினர் சாட் நாட்டில் இறங்கினர். 2011இல் நேட்டோ சிதைத்த லிபியாவின் ஆயுதங்கள் சஹாராவைக் கடந்து பரவியது பற்றியோ, எண்ணெய் வளம் கொழிக்கும் நாட்டின் வடபகுதி ஏன் பள்ளியின்றி, வேலையின்றி வறண்டு கிடக்கிறது என்பது பற்றியோ எந்த அட்டையிலும் எழுதப்படவில்லை. அம்மாணவிகளில் பலர் இன்னும் வீடு திரும்பவில்லை.

திக்ரித்தில் குண்டுகள் வெடித்துக் கொண்டிருந்தபோதே, சம்பள பாக்கி கிடைக்காமல் எப்படித் திரும்புவது என்று அச்செவிலியரில் பலர் தயங்கினர். ஊரில் கல்விக்கடன் காத்திருந்தது. முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் காத்திருந்தது. சட்டப்படி 19,500 ரூபாய் மட்டுமே பெறவேண்டிய ஆள்சேர்ப்பு முகவர்கள் ஒவ்வொரு செவிலியரிடமும் 19.5 இலட்சம் பறித்த குவைத் மோசடி 2015இல் கொச்சியில் அம்பலமானது. அதன் பிறகே இப்பணி, நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகிய அரசு நிறுவனங்களிடம் வந்தது.

முகவரை மாற்றியாயிற்று, துரத்தும் வறுமை மாறியதா? தனியார் மருத்துவமனைகளின் அற்பக் கூலிக்கு எதிராக 2011 முதலே செவிலியர்கள் போராடி வருகின்றனர். 2017 ஜூலையில் திருவனந்தபுரத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று இடது முன்னணி அரசு வாக்களித்தது. அறிவிக்கை வெளிவந்ததோ 2018 ஏப்ரல் 23 அன்று. சேர்த்தலையிலிருந்து தலைமைச் செயலகம் நோக்கிச் செவிலியர்கள் நெடும்பயணம் புறப்படவிருந்ததற்கு முந்தைய நாள் அது! நடக்கத் துணியும்வரை ஒன்பது மாதங்கள் அக்கோப்பு எந்த மேசையில் உறங்கிற்று?

அறிவிக்கையின் மை உலருமுன்பே மருத்துவமனை முதலாளிகள் உயர்நீதிமன்றப் படியேறி விட்டனர்.