கொல்லைப்புறம்: ஒரு விதைக்காரர் வீட்டுக் கதை



தோட்டத்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். “கடையில் பாகல் விதை வாங்கிப் போட்டேன். பந்தல் நிறையக் காய்த்தது. அதிலேயே இரண்டைப் பழுக்க விட்டு, விதை எடுத்து மறுபடி போட்டேன். இப்போது ஒரு கொடியில் நெட்டைக் காய், ஒரு கொடியில் குட்டைக் காய், இன்னொன்றில் காயே இல்லை. நாம் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும் என்றுதான் இப்படிச் செய்கிறார்களா?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. பதிலுக்கு முன் ஒரு விதைக் கம்பெனியின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

துறைமுகம் விதை ஊரானது

1641இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்களை நாம் அறிவோம். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஹாலந்தில் ஆறு ஊர்களில் கிளைகள் இருந்தன. அவற்றில் ஒன்று என்க்ஹைசன் என்னும் துறைமுகம். கப்பல் வியாபாரம் நொடித்துப் போன பிறகு, காலப்போக்கில் அந்த ஊர் மண்ணை நம்பிப் பிழைக்கத் தொடங்கியது. 1867இல் அந்த வட்டாரத்தில் ‘ஸ்லாய்ஸ் அண்டு குரோட்’ என்ற விதைக் கம்பெனி தோன்றியது.

அந்தக் குரோட் குடும்பத்தில், ஆறாவது தலைமுறையாக விதைத் தொழிலுக்கு வந்தவர் சைமன் குரோட். 1980களின் தொடக்கத்தில் அந்தப் பழைய கம்பெனி, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. சைமனுக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கிடைத்த பணத்தை வைத்துக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவரோ ஆசியாவுக்குப் பயணப்பட்டார்.

யாரும் கவனிக்காத காய்கள்

தென்கிழக்காசியாவில் அவர் கண்டது என்ன? சிறு விவசாயிகள் முதுகு ஒடிய உழைத்தார்கள். ஆனால் விளைச்சல் சொற்பம். விதை சரியில்லை. குளிர்நாட்டுக்காக உருவாக்கிய தக்காளி விதையை இங்கே கொண்டுவந்து போட்டால், இரவு வெப்பம் தாங்காமல் பூ உதிர்கிறது. மழையில் வாடல் நோய் வந்து செடி ஒரே வாரத்தில் சாய்கிறது.

பாகல், கத்தரி, பயிற்றங்காய், கங்கோங் கீரை என்று நம் மக்கள் அன்றாடம் உண்பவற்றை ஐரோப்பாவின் பெரிய விதைக் கம்பெனிகள் பொருட்படுத்தவில்லை. அவற்றைச் சாப்பிடுகிறவர்களும் பயிரிடுகிறவர்களும் ஏழைகள். அதில் என்ன லாபம் என்ற எண்ணம்தான்.

பிலிப்பீன்ஸில் சைமனுக்கு ஒரு நல்ல துணை கிடைத்தது. பெனிட்டோ டொமிங்கோ என்ற விதை வியாபாரி. உள்ளூர்க் காய்களின் குணமும் விவசாயிகளின் மனமும் அறிந்தவர். இருவரும் சேர்ந்து 1982இல் மணிலாவுக்குத் தெற்கே லிபா என்ற ஊரில் ‘ஈஸ்ட்-வெஸ்ட் சீட்’ கம்பெனியைத் தொடங்கினார்கள். கிழக்கும் மேற்கும் கைகோத்ததால் அந்தப் பெயர். ஹாலந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்ற பயிர் நிபுணர்கள் வந்து சேர்ந்தார்கள். வெறும் பாகற்காய்க்கு இத்தனை படித்தவர்களா என்று தோன்றும். ஆம், அத்தனை பேர் வேண்டியிருந்தது.

அவர்கள் வெளியிட்ட தொடக்ககாலக் கலப்பின விதைகளில் ‘ஜேட் ஸ்டார்’ என்ற பாகல் பெயர் பெற்றது. பிறகு தாய்லாந்து, இந்தோனேசியா என்று கம்பெனி பரவியது. இந்தோனேசியாவில் அதன் விதைகளுக்கு ‘சாப் பானா மேரா’, அதாவது சிவப்பு அம்பு முத்திரை என்று பெயர்.

2019இல் சைமன் குரோட்டுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகை 2,50,000 அமெரிக்க டாலர். 60க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 2 கோடி சிறு விவசாயிகளுக்கு அவருடைய விதை போய்ச் சேர்வதாகப் பரிசு கொடுத்தவர்கள் அறிவித்தார்கள். இதே பரிசை 1987இல் முதன்முதலாகப் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் என்பது நமக்கெல்லாம் பெருமை.

சரி, ஏமாற்றா இல்லையா?

இப்போது கடிதத்துக்கு வருவோம். பாகல் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கலப்பின விதை எடுக்கிறவர்கள், குணம் நிலைத்த இரண்டு தனி வகைகளைத் தாயாகவும் தந்தையாகவும் வளர்க்கிறார்கள். மறுநாள் மலரப்போகும் பூக்களை முதல் நாள் மாலையே மூடி வைக்கிறார்கள். காலையில் ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் மேல் கையாலேயே தடவுகிறார்கள். பால்மரம் வெட்டப் போகிறவர்களைப் போல இவர்களும் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும். இப்படிப் பூப்பூவாகச் செய்துதான் உங்கள் பொட்டலத்து விதை வருகிறது. விலை கூடுதலாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

இதற்கு உதாரணம் நம் தோட்டத்திலேயே உண்டு. இன்று தோட்டங்களில் நிற்கும் செம்பனை, தடித்த ஓட்டு டூரா, ஓடில்லாத பிசிஃபெரா ஆகிய இரண்டின் கலப்பு. தெனெரா என்பார்கள். அதன் உதிரிப் பழம் மரத்தடியில் தானாக முளைத்துக் கிடக்கும். மறுநடவுக்கு எந்த நிர்வாகமாவது அந்தக் கன்றைப் பிடுங்கி நடுகிறதா? இல்லை. நட்டால் சுமார் பாதிதான் தெனெராவாக வரும். மற்ற பாதியில் டூராவும் பிசிஃபெராவுமாகப் பிரிந்துவிடும். உங்கள் பாகலுக்கு நேர்ந்ததும் இதேதான் சகோதரி. அது பிரிவினையே தவிர மோசடி இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. செம்பனைக்குச் சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை கன்று வாங்கினால் போதும். பாகலுக்குப் பருவத்துக்குப் பருவம் வாங்க வேண்டும். கையில் காசில்லாத குடும்பத்துக்கு அது சுமைதான். விற்பனைக்குப் பயிரிடுகிறவருக்குக் கூடுதல் விளைச்சல் அந்தச் செலவை ஈடுகட்டலாம். வீட்டுக்கு நான்கு காய் வேண்டும் என்பவருக்கு அத்தனை அவசியமில்லை.

நாம் செய்யக்கூடியவை

எல்லா விதையையும் வாங்க வேண்டியதில்லை. பயிற்றங்காய்ப் பூ பெரும்பாலும் தனக்குள்ளேயே சூல் கொள்ளும். நாட்டு வகையாக இருந்தால் விதை எடுத்துப் போட்டாலும் குணம் மாறாது. நம் பாட்டிமார் சுரை, வெள்ளரி விதைகளை வரட்டியில் பதித்துச் சுவரில் ஒட்டி வைத்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்டு விதை உங்களிடம் இருந்தால் கைவிட்டுவிடாதீர்கள். போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

வாங்கும்போது பொட்டலத்தில் தேதியைப் பாருங்கள். வெயில்படும் இடத்தில் தொங்கும் பொட்டலம் வேண்டாம். சூடும் ஈரமும் விதைக்கு எமன். மீதி விதையை இறுக மூடும் போத்தலில், வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடியோடு போட்டு, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

பழைய விதையில் சந்தேகமா? 20 விதையை எண்ணி ஈரத்துணியில் மடித்து வையுங்கள். கீரை சில நாளில் தெரிந்துவிடும். பாகலுக்கு ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். 16 முளைத்தால் நூற்றுக்கு எண்பது; தைரியமாக விதைக்கலாம். பாதிக்கும் குறைவென்றால் நெருக்கி விதையுங்கள், அல்லது புதிது வாங்குங்கள்.

அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறோம், மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து வாங்குகிறோம். விதையின் தரம் மட்டும் முளைத்துக் காய்த்த பிறகுதான் தெரியும். அதற்குள் இரண்டு மாத உழைப்பு மண்ணுக்குள் போய்விட்டிருக்கும். ஆகவே விதை விற்கிறவன் விற்பது நம்பிக்கையைத்தான். என்க்ஹைசன் ஊர்க்காரர் அதை அறிந்திருந்தார். நம் பாட்டிமாரும் அறிந்திருந்தார்கள்.

வாங்கிய விதை ஒரு பந்தலில் ஏறட்டும். உங்கள் சொந்த விதை பக்கத்துப் பாத்தியில் இருக்கட்டும். அடுத்த இதழில் கத்தரிச் செடியின் வாடல் நோயைப் பார்ப்போம்.