கிரீன் டீ பானம்தான், மருந்து அல்ல!

கொடைக்கானல் போய் வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. தைலம், மலைப்பூண்டு, சாக்லேட் என்று பை நிறைய வாங்குகிறார்கள். இப்போது அந்தப் பையில் கிரீன் டீ பாக்கெட்டும் ஏறிவிட்டது. "குடிச்சா சர்க்கரை இறங்கும், தொப்பை கரையும், புற்றுநோய் அண்டாது" என்று யாராவது சொன்னால், ஆசை வராமல் இருக்குமா?

ஆனால் உண்மை என்ன?

கிரீன் டீயும் முக்குக் கடை டீயும் ஒரே செடியின் இலைதான்! பறித்த இலையைச் சீக்கிரமே சூடு காட்டிக் காயவைத்தால் பச்சை. கசக்கி, காற்றுப் படவிட்டால் கறுப்பு. பச்சையில் 'கேட்டசின்' என்ற ஆன்டி ஆக்சிடன்ட் சத்து அதிகம் தங்குகிறது. கெட்ட கொழுப்பை இது ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நல்லதுதான்.

அதற்காக அதை மருந்தாக்கி விடலாமா? மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கிரீன் டீ குறைப்பது மிகவும் சந்தேகம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-லேயே கூறிவிட்டது. டீயாகக் குடித்தால் பொதுவாகப் பயமில்லை. அதன் சாரத்தை மாத்திரையாக்கி விழுங்குவதில்தான் ஆபத்து. கேட்டசின்களில் முக்கியமானது ஈ.ஜி.சி.ஜி. அதை மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிட்டால் ஈரல் கெடலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

இன்னொரு சங்கதி. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பதே நல்லது.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, டீயை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது! பாக்கெட் விலையோடு போகாது. கண்ணும் சிறுநீரகமும் போய்விடும்.

உணவுப் பொருளுக்குப் பொய் விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம் என்கிறது 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். திண்டுக்கல் மாவட்ட அதிகாரிகள் சீசன் நேரத்தில் மலைக் கடைகளின் போர்டுகளையும் பாக்கெட்டுகளையும் ஒரு கண் பார்க்கட்டும். வாங்குகிறவர்களும் 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி இரண்டையும் பார்த்த பிறகே காசை எடுக்க வேண்டும்.

குளிருக்கு இதமாக ஒரு கப் குடியுங்கள். வியாதிக்கு டாக்டரைப் பாருங்கள்!