இரவல் முகம் வேண்டா

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளியினர் வந்தாலன்றி நம் கால்பந்து அணிக்கு விடிவில்லை என்னும் குரல் இன்று ஓங்கி ஒலிக்கிறது. சட்டப்படி குடியுரிமை பெற்று வருவோரை வரவேற்பதில் நமக்குத் தடையில்லை. பலரையும் ஒரே பந்தியில் அமர்த்துவது திருச்சபையின் மரபு. ஆனால், 'அவர்கள் வந்தால் போதும்' என்னும் மனநிலையை நாம் மறுக்கிறோம்.

கிழக்குத் திமோரைப் பாருங்கள். 2002-இல் விடுதலை பெற்ற சின்னஞ்சிறு நாடு. மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தோல்விகளால் துவண்ட அதன் அணியில் பிரேசிலில் பிறந்தவர்கள் திமோர் மக்களாகக் களமிறங்கினர். 2017-இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு உண்மையை வெளிக்கொணர்ந்தது: தகுதியற்ற 12 பேர் 29 ஆட்டங்களில் ஆடியிருந்தனர். அதற்குக் காட்டப்பட்டவை போலிப் பிறப்புச் சான்றிதழ்கள், போலித் திருமுழுக்குச் சான்றிதழ்கள்! 2023 ஆசியக் கோப்பையில் பங்கேற்கும் உரிமை பறிபோயிற்று.

திருமுழுக்கு ஒருவரை ஒரு குடும்பத்தில் பிறப்பிக்கிறது. அதன் சான்றையே பொய்யாக்கி நாட்டிற்குப் புகழ் தேடுவது, கோபுரம் எழுப்ப அடித்தளத்தை விற்பதற்கு ஒப்பாகும்.

நம் நாடும் இளமையாயிருந்த காலமுண்டு. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில், நாகா போதகர் ஒருவரின் மகனான தாலிமெரன் ஆவோவின் தலைமையில், நம்மவர் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே பிரான்சை எதிர்த்தனர். இரு பெனால்டிகளைத் தவறவிட்டு 2-1 எனத் தோற்றனர். 1951-இல் புதுடெல்லியில் ஆசியத் தங்கம் வென்றனர். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என வீழ்ந்தபின் காலணியோடு ஆடப் பழகினர்; 1962-இல் ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம் வென்றனர். வெறுங்காலை நாம் போற்றவில்லை, வறுமை அணிகலனன்று. அயலாரிடம் கற்பது இழுக்கன்று. அயலாரை நம்மவரெனக் காட்டி ஏய்ப்பதே இழுக்கு.

ஆரணிப் பட்டென்று சொல்லி விசைத்தறித் துணியை விற்றால் செய்யாற்று நெசவாளர் பொறுப்பாரோ? தறியில் அமராமல் புடவை வாராது. மைதானமின்றி அணியும் வாராது. கடலூர் மாவட்டத்தின் இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியில் ஆடியது இம்மண்ணில் வித்து உண்டென்பதற்குச் சான்று.

எனவே, பள்ளி மைதானத்தைக் கட்டடத்திற்குத் தாரைவார்க்கும் பங்குகளையும், விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்திற்குக் கொடுக்கும் ஆசிரியர்களையும், மகளைப் பந்தாட விடாத பெற்றோரையும் கேட்கிறோம்: விதைக்க மனமில்லாத நாம், அறுவடைக்கு மட்டும் அயலூரில் ஆள் தேடுவது அறமா?