டிராக்டருக்குச் சந்தனம், ஹைட்ராலிக்குக்கு நாமம்

ஆயுத பூஜை அன்றைக்கு திருப்பரங்குன்றத்திலிருந்து நிலையூர் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். டிராக்டரெல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். முன்னாடி மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், ரோட்டவேட்டர் கத்திக்குக் கூட சந்தனம் குங்குமம். சரி, அந்த ரோட்டவேட்டரைத் தூக்கி இறக்குகிற எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று ஓனரிடம் கேட்டால் மனிதர் 'ஙே' என்று விழிப்பார். "குறைஞ்சா ஊத்துவோம்ல" என்பார். அவ்வளவுதான் பராமரிப்பு!

குறைந்தால் ஊற்றுவதற்குப் பெயர் பராமரிப்பு இல்லை. எண்ணெய் ஏன் குறைந்தது என்ற கேள்வியைத் தள்ளிப்போடுவது. உள்ளே இருக்கிற அழுக்கு எண்ணெயில் இரண்டு லிட்டர் புது எண்ணெயை ஊற்றினால் அழுக்கு போய்விடாது, புதுசும் சேர்ந்து அழுக்காகும்.

ஹைட்ராலிக் என்பது ராக்கெட் சமாச்சாரமெல்லாம் இல்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோமே, அந்த பாஸ்கல் விதிதான். அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் டிராக்டரின் பின்பக்கம் மூன்று புள்ளியில் கலப்பையை மாட்டி, அதை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1936-ல் அந்த அமைப்போடு டிராக்டர் விற்பனைக்கு வந்தது, 1938-ல் ஹென்றி போர்டோடு கைகுலுக்கி அமெரிக்காவுக்குப் போனது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே மாசே பெர்குசனை நம்மூர் வயலுக்குக் கொண்டுவந்தது. இன்று எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் பின்னால் இருக்கிற அந்த இரண்டு கைகள் பெர்குசன் சொத்துதான்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். என்ஜின் ஆயில் வேறு, பின்பக்க ஆயில் வேறு. என்ஜின் ஆயிலை எல்லோரும் ஒழுங்காக மாற்றுகிறார்கள், என்ஜின் சீஸ் ஆகிவிடும் என்ற பயம் இருக்கிறது. பின்பக்க எண்ணெய்க்கு அந்த மரியாதை இல்லை. ஆனால் பல டிராக்டர்களில் கியருக்கும் லிப்டுக்கும் அதே எண்ணெய்தான். ஆயிலுக்குள் மூழ்கிய பிரேக் இருக்கிற வண்டியில் பிரேக்குக்கும் பெரும்பாலும் அதே எண்ணெய். வேலைப் பளுவைப் பார்த்தால் மூன்று ஆள் சம்பளம் கொடுக்க வேண்டும் அதற்கு! கார் டயரில் இருக்கிற அழுத்தம் சுமார் 2 பார். டிராக்டர் ஹைட்ராலிக்கில் சாதாரணமாக 150 பாருக்கு மேல் போகும். அந்த அழுத்தத்தைத் தாங்க பம்ப்பின் உள் பாகங்களுக்கு நடுவே சில மைக்ரான் இடைவெளிதான் விட்டிருப்பார்கள். தலைமுடியின் தடிமனில் ஒரு சின்னப் பங்கு. அதற்குள் மணல் தூள் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மணலும் தண்ணீரும் எப்படி உள்ளே போகும் என்கிறீர்களா? வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக நிலையூர் கண்மாய்க்கு வந்து மடை திறந்ததும் தொளி அடிக்க ஆரம்பிப்பார்கள். கேஜ் வீல் மாட்டிய வண்டி அச்சு வரைக்கும் சேற்றில் முங்கி நிற்கும். ஆயில் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் போதும், சேற்றுத் தண்ணீர் உள்ளே. நாள் பூராவும் சூடான வண்டி ராத்திரி குளிரும்போது மூச்சுத் துளை வழியாக ஈரக் காற்றையும் இழுத்துக்கொள்ளும். நல்ல எண்ணெய் கண்ணாடி மாதிரி இருக்கும், தண்ணீர் கலந்த எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி இருக்கும். அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு வழியை யாரும் யோசிப்பதே இல்லை. உழவு இல்லாத நாளில் அதே டிராக்டர் டிப்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு பிளாட்டுகளுக்கு மண் அடிக்கும். டிரெய்லர் ஹோஸை வண்டியில் மாட்டியதும் வண்டி எண்ணெய் டிரெய்லர் சிலிண்டருக்குப் போகிறது, கொட்டி முடித்ததும் திரும்பி வருகிறது. போனது சும்மா வருமா? டிரெய்லருக்குள் எத்தனையோ வருஷமாகக் கிடக்கிற கசடையும் கூட்டிக்கொண்டு வரும். இன்றைக்கு ஒரு டிரெய்லர், நாளைக்குப் பக்கத்து ஊர்க்காரர் டிரெய்லர். ஹோஸ் முனை மண்ணில் புரண்டிருக்கும், அதைத் துணியால் ஒரு துடை துடைக்கக் கூட ஆளில்லை. இரண்டு ரூபாய் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பம்ப் போய்விட்டது, கம்பெனி சரியில்லை என்று புலம்புவது எந்த ஊர் நியாயம்?

வண்டி முன்கூட்டியே சொல்லத்தான் செய்கிறது. லிப்ட் துள்ளித் துள்ளி ஏறும். லிவரைத் தூக்கினால் 'ஙொய்ய்ய்' என்று அழும், அது பெரும்பாலும் சல்லடை அடைத்து பம்ப்புக்கு எண்ணெய் போதாமல் போடுகிற கூச்சல். என்ஜினை நிறுத்தினால் தூக்கிய கலப்பை தானாகக் கீழே இறங்கும். டிரைவருக்கு இது அத்தனையும் தெரியும், ஓனரிடம் சொல்லவும் செய்வார். "இந்த சீசன் ஓடட்டும், பார்த்துக்கலாம்."

இந்த "பார்த்துக்கலாம்" இருக்கிறதே, இது யார் தலையில் விடிகிறது என்பதுதான் முக்கியமான மேட்டர். ஓனருக்குப் பம்ப் செலவு, சரி. ஆனால் சொந்த டிராக்டர் இல்லாமல் அரை ஏக்கருக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து உழுகிற ஆள்? கண்மாய்த் தண்ணீர் நாளை எண்ணிக்கொண்டு ஓடுகிறது, நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது, வண்டி வரப்பில் ஸ்பேர் பார்ட்ஸுக்குக் காத்திருக்கிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் உழும்போது அடுத்த வண்டி லேசில் கிடைக்காது. பத்து நாள் தாமதத்துக்கு எந்த ஓனரும் நஷ்டஈடு கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

"காசுக்கு எங்கே போவது?" என்று ஒரு நியாயம் சொல்வார்கள். காமர்ஸ் படிக்கிற மக்களே, இங்கே வாருங்கள். எண்ணெய், பில்டர், கூலி எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளின் கையேடு பின்பக்க எண்ணெயை 1000 மணி நேரத்தை ஒட்டி மாற்றச் சொல்கிறது. ஆக மணிக்கு 15 ரூபாய். ரோட்டவேட்டர் உழவுக்கு மணிக்கு ஆயிரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் வாங்குகிற தொழிலில் 15 ரூபாய் ஒதுக்க முடியாதா? சேற்று உழவுக்காக இரண்டு மடங்கு சீக்கிரம் மாற்றினாலும் 30 ரூபாய். வாடகை பேசும்போது டீசல், டிரைவர் பேட்டா, பைனான்ஸ் தவணை எல்லாம் கணக்கில் வருகிறது, பராமரிப்பு மட்டும் வருவதில்லை. தேய்மானம் என்பது பரீட்சையில் எழுதுகிற வார்த்தை என்று நினைத்துவிட்டார்கள் போல. அது வயலில்தான் நடக்கிறது. (ஹவர் மீட்டரே ஓடாத வண்டியில் எதை எண்ணுவது என்பது தனிக் கதை.)

அரசாங்கத்தின் கணக்கும் இதே லட்சணம்தான். 2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் இயந்திரம் வாங்க 40, 50 சதவீதம் வரைக்கும் மானியம் உண்டு. வாங்குவதற்குத்தான். 2025 செப்டம்பர் 22-லிருந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது. டிராக்டர் ஹைட்ராலிக் பம்ப்புக்கு 18-லிருந்து 5. சந்தோஷம். ஆனால் அந்த பம்ப் கெடாமல் காப்பாற்றுகிற எண்ணெய்க்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது! கெட்ட பிறகு வாங்குவதற்குச் சலுகை, கெடாமல் வைத்திருப்பவனுக்கு வரி. இந்தக் கணக்கைப் போட்ட மகராசன்கள் நன்றாக இருக்கட்டும்.

பணம் கூடப் போகட்டும். தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டர் கத்தியில் கோரையும் வைக்கோலும் சுற்றிக்கொள்ளும். உதவிக்கு வந்த பையன் அடியில் குனிந்து உட்கார்ந்து அதை அறுத்து எடுப்பான். தலைக்கு மேல் 300, 400 கிலோ இரும்பு. அதைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பழைய எண்ணெயும் தேய்ந்த சீலும் மட்டும்தான். தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய், அல்லது அடியில் கட்டையாவது முட்டுக்கொடு என்று சொல்லிக்கொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஹோஸில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் விரலால் தடவிப் பார்க்கிற வீரர்களும் உண்டு. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசுக்கடி மாதிரி இருக்கும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். அட்டையை நீட்டிப் பார்த்தால் போதும், கசிவு தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் புல்வெளி வெட்டிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் வண்டி வைத்திருக்கிறார்கள். அதன் சக்கரமே ஹைட்ராலிக்கில்தான் சுற்றும். அதற்கு 400, 500 மணிக்கு ஒருதடவை எண்ணெயும் பில்டரும் மாற்ற வேண்டும் என்பது அங்கே தொழிலின் அரிச்சுவடி. புல்லுக்கு! அதே வகை ஹைட்ரோஸ்டாட்டிக் அமைப்புதான் நம்மூர் நெல் வயலில் இறங்குகிற பெல்ட் டைப் அறுவடை வண்டிகள் பலவற்றிலும் இருக்கிறது. அதில் எண்ணெய் கெட்டால் லிப்ட் மட்டும் நிற்காது, முற்றிய கதிருக்கு நடுவே வண்டியே நகராது. தை மாசம் மழை இருட்டிக்கொண்டு வரும்போது அது நின்றால் யாரைப் போய்க் கேட்பது?

பாஸ்கல் விதியைப் பாடமாக நடத்துகிற பொறியியல் கல்லூரி இதே திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது. ஐ.டி.ஐ.களில் டிராக்டர் மெக்கானிக் என்று தனிப் பிரிவே உண்டு. கண்மாய் நிறைவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் ஊராகக் குச்சியை உருவிப் பார்த்து "அண்ணே, உங்க வண்டி எண்ணெய் டீ ஆயிருச்சு" என்று சொல்ல நாலு மாணவர்கள் போதும்.

டிஸ்கி: எண்ணெயின் வகை, அளவு, மாற்றும் மணிக்கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். டாஷ்போர்டு டப்பாவில் பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காமல் ஒரு புத்தகம் கிடக்கும், அதில் போட்டிருக்கிறது. என்ஜினில் வடித்த பழைய ஆயிலை மட்டும் தயவுசெய்து பின்னால் ஊற்றாதீர்கள், சாமி.