ஓடை சொல்லும் கணக்கு

கலிபோர்னியாவின் கரிசோ சமவெளியில் வாலஸ் ஓடை என்றொரு சிற்றோடை உண்டு. குன்றிலிருந்து நேரே இறங்கிவரும் அது, சான் ஆண்ட்ரியாஸ் பிளவை அடைந்ததும் வலப்புறம் திரும்பி, பிளவை ஒட்டியே ஏறத்தாழ 130 மீட்டர் சென்று, பின்னர் பழைய திசையில் பாய்கிறது. ஓடை தானாக வளையவில்லை. பிளவின் மறுபக்க நிலம் நகர்ந்து அதனை வளைத்தது. கெர்ரி சீ, ரிச்சர்டு ஜான்ஸ் என்னும் புவியியலாளர் இருவர் அங்குப் பள்ளம் தோண்டிக் கரித்துண்டுகளின் வயதைக் கணித்தனர். அவ்வோடை இப்போதுள்ள வழியில் ஓடத் தொடங்கி ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் ஆகின்றன என்று தெரிந்தது. தொலைவைக் காலத்தால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 34 மில்லிமீட்டர். நம் விரல்நகம் வளரும் வேகமும் ஏறக்குறைய இதுவே!

ஆனால், பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். எஞ்சிய 16 எங்கே? புவிமேலோட்டின் உருத்திரிபை அறிய விரும்புவோர், புகழ்பெற்ற ஒரு பிளவோடு நின்றுவிடலாகாது. சுற்றியுள்ள சிறு பிளவுகளின் நகர்வையும் அளந்து, திசையறிந்து கூட்டவேண்டும். கூட்டுத்தொகை குறைந்தால் அதனைக் கணக்குப்பிழையென ஒதுக்காமல், எச்சரிக்கையாகக் கொள்வதே அறிவுடைமை என்பேன்.

செயற்கைக்கோள் வழி அளக்கும் கருவிகள் இருக்க, மண்ணைத் தோண்டுவானேன் எனச் சிலர் வினவுவர். அக்கருவிகள் புதைந்துள்ள பிளவுகளின் விளைவையும் சேர்த்தே அளக்கின்றன, மறுப்பதற்கில்லை. எனினும், அவற்றின் பதிவு சில பத்தாண்டுகளுக்கே உரியது. கரிசோ நிலமோ 1857ஆம் ஆண்டு நடுக்கத்தில் ஒரே வீச்சில் பல மீட்டர் நகர்ந்தது. அதன்பின் இன்றுவரை இறுகிப் பூட்டுண்டு கிடக்கிறது. பிளவின் இருகரையிலும் அருகருகே நட்ட கருவிகள் இன்று காட்டுவது பெரும்பாலும் அசைவின்மையையே.

1992இல் மொகாவி பாலைவனத்தில், மிக மெதுவாக நகரும் பிளவுகள் சில அடுத்தடுத்து முறிந்து 7.3 அளவில் நிலத்தை உலுக்கின. 1994இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நார்த்ரிட்ஜில் முறிந்ததோ, தரைக்குமேல் தலைகாட்டாத பிளவு; 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெல்ல நகரும் பிளவுகளைத் தேடித் தோண்டி வயதறிவது பொருளும் காலமும் வேண்டும் பணி. அணைக்கும் மருத்துவமனைக்கும் வலிமை வகுப்போர், கட்டுமானச் செலவைக் கேட்கும்போதே அதற்குரிய பொருளையும் கேட்டுப் பெறவேண்டும்.