பூண்டு நட்டேன், தாள்தான் வந்துச்சு

சென்னையிலேருந்து ஒரு தம்பி போன் பண்ணாரு. "அண்ணே, மாடித் தோட்டத்துல பூண்டு வச்சு நாலு மாசமாச்சு. புடுங்கிப் பார்த்தா வேர்தான் இருக்கு. என்ன தப்புப் பண்ணேன்?"

தப்பு அவர்கிட்ட இல்லை. நானும் அதே கூத்தை அடிச்சவன்தான்.

2024-ல பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டினப்ப, வீட்டுக்காவது விளைவிச்சுக்கலாம்னு ஐப்பசியில அரைக் கிலோ வாங்கி, பல் பல்லாப் பிரிச்சு, கொல்லையில நட்டேன். ஒரே வாரத்துல முளைப்பு. மார்கழிப் பனியில பச்சைப்பசேல்னு நின்னுச்சு. மாசியில தோண்டினா, பல்லே பிரியாத ஒத்தை உருண்டை, சுண்டைக்காய் அளவுல. "உரிக்கிற கூலிக்குக் கூட ஆகாதுடா"ன்னு அம்மா சிரிச்சாங்க.

பூண்டு பல் கட்டணும்னா சில வாரம் நல்ல குளிர் வேணும், அப்புறம் பகல் பொழுது நீளணும். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர்ல அது கிடைக்குது. நம்ம ஊர்ல கொடைக்கானல் மேல பூம்பாறை, மன்னவனூர் பக்கம் கிடைக்குது. 6,000 அடிக்கு மேல விளையுற அந்த மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடே கொடுத்திருக்காங்க. பெரம்பலூர் கரிசலோ அரியலூர் செம்மண்ணோ, இங்க மார்கழி ராத்திரியே 20 டிகிரியைச் சுத்தித்தான் நிக்கும். சென்னையைப் பத்திச் சொல்லவே வேணாம். விதைப்பல்லை ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்து நடலாம், கொஞ்சம் உதவும். ஆனா மாசி வெயிலுக்கு நம்ம தொட்டி எம்மாத்திரம்?

எனக்குக் கோபமே அந்த வீடியோக்காரங்க மேலதான். முளைச்சதை முதல்ல காட்டுறாங்க, கடைசியில கைப்பிடி தண்டிப் பூண்டைக் கொட்டுறாங்க. நடுவுல எந்த ஊரு, எந்த மாசம்னு ஒரு வார்த்தை கிடையாது. அதை நம்பி நட்டவங்க "நமக்குக் கை ராசி இல்ல"ன்னு தொட்டியையே கவுத்துப் போட்டுடறாங்க.

பூண்டை விடவே வேணாம். தாளுக்காக நடுங்க. ஒரு சாண் வந்ததும் கத்தரிச்சு ஆம்லெட்டுல போட்டா வாசம் தெரு முனை வரைக்கும் போகும். கிழங்குதான் வேணும்னா சின்ன வெங்காயம் வைங்க. செட்டிகுளம் பக்கமெல்லாம் தலைமுறையா அதுதான் வெள்ளாமை. விதை வெங்காயத்தை வேர்ப்பக்கம் கீழ இருக்கிற மாதிரி, தலை லேசாத் தெரிய ஊன்றணும். தண்ணி தேங்கினா அழுகிடும். அது ஒண்ணுதான் பயம். 65, 70 நாள்ல தாள் சாயும், அப்ப புடுங்கிக்கலாம்.

இன்னொண்ணு. பூண்டை 400-க்குப் பேசாம வாங்கினவங்க, வெங்காயம் 80 ஆனா மட்டும் ஊரைக் கூட்டுறீங்க. 20 ரூபாய்க்கு நாங்க மூட்டை போட்ட வருஷமும் உண்டு. சரி, அதை விடுங்க.

தம்பிக்குப் பட்டறையிலேருந்து ஒரு கிலோ விதை வெங்காயம் எடுத்துப் பார்சல் போட்டிருக்கேன். தொட்டியில அடி ஓட்டை இருக்கான்னு முதல்ல பாக்கச் சொல்லியிருக்கேன்.