சாவியைக் கீழே போடுங்க சார்!

போன மாதம் டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பையனுக்கு வலிப்பு வந்தது. பஸ்ஸே எழுந்து நின்றது. "சாவி குடுங்க, சாவி குடுங்க!" வீட்டுச் சாவி, பைக் சாவி, கடைசியில் ஒரு பெரியவரின் பீரோ சாவி. அதைக் கையில் திணித்த கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது. பெரியவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது நாலே கேள்வி. எவ்வளவு நேரம் இழுத்தது? முதலில் எந்தக் கை? கண் திறந்திருந்ததா? தெளிய எவ்வளவு நேரம் ஆனது? கூடப் போன ஐந்து பேருக்கும் (நானும்தான்) பதில் தெரியவில்லை. யாருடைய சாவி என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

சரி, மேட்டருக்கு வருவோம். மூளையின் நரம்பு செல்களில் மின்சாரம் திடீரென்று தாறுமாறாகப் பாய்வதுதான் வலிப்பு. அதற்கு இரும்பும் தெரியாது, பித்தளையும் தெரியாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவி தேடவே அவ்வளவு நேரம் ஆகிறது. பேர் மட்டும் சாவிக்கு! வரவைத் தப்பான கணக்கில் எழுதினால் எங்கள் பரீட்சையில் முட்டைதான். இங்கே தலைமுறை தலைமுறையாக நூற்றுக்கு நூறு போடுகிறோம்.

"சாவி கொடுத்தா என்னப்பா கெட்டுப்போச்சு?" என்பீர்கள். நிறையவே கெட்டுப்போச்சு. வந்தது வலிப்பா, வெறும் மயக்கமா, சர்க்கரை குறைந்ததா என்று பிரிக்க, பார்த்தவர் சொல்லும் விவரம்தான் டாக்டருக்குப் பெரிய ஆதாரம். ஈ.ஈ.ஜி. நார்மலாக இருந்தாலும் வலிப்பு நோய் இருக்கலாம். பார்க்க வேண்டிய நேரத்தில் நாம் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டிருந்தோம்.

கை கால் இழுக்காத வலிப்பும் உண்டு. குழந்தை சில விநாடி வெறித்துப் பார்க்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். வகுப்பில் அதற்குப் பெயர் "கவனமில்லாத பையன்". வைத்தியம், தலையில் ஒரு கொட்டு.

கண் விழித்த அந்தப் பையன் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "இது மூணாவது தடவைண்ணே. அக்காவுக்கு வரன் பாக்குறாங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க." திருமணச் சட்டத்தில் ஒரு தடையாக இருந்த வலிப்பை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். சட்டம் திருந்திவிட்டது, சம்பந்தி வீடு திருந்தவில்லை. முறையாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ மறைக்கக் கற்றுக்கொடுக்கிறோம்.

அடுத்த முறை பார்த்தால், தலைக்கு அடியில் ஒரு பையை வையுங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முக்கியமாக மணி பாருங்கள், நடப்பதைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

சாவியா? அது வீட்டைப் பூட்டத்தான் சார்.